ஷட்டில் ஏறமாட்டெண்டு நிக்கிதா? அடிக்கடி கேக்கிற கேள்வியள்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில கல்லடியில மச்சான்ட வீட்டு விறாந்தையில நாலஞ்சு பேர் கூடி ஸ்பேஸ் ஷட்டில் சிமியுலேட்டர் ஓட்டுறம், நாசாட விண்வெளி ஓடத்த கொம்பியூட்டர்ல ஏத்திப் பாக்கிற விளையாட்டு. ரெண்டு லெப்டொப், ஒரு பழைய டெஸ்க்டொப், ஒரு ஜொய்ஸ்டிக், அவ்வளவுதான் சாமான். ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்றுப் பொடியன்மாரும் இப்ப தொடங்கிட்டாங்க, ராவு பதினொரு மணிக்கெல்லாம் போன் அடிச்சி "அண்ணே, எஞ்சின் பத்துதில்ல" எண்டுறாங்க. ஒரே கேள்விய இருவது தரம் சொல்லிச் சொல்லி வாய் நோகுது, அதான் இத எழுதி வெக்கிறன்.

ரெண்டு வகை ஷட்டில் பத்திக் கதைப்பன். ஒண்டு ஓர்பிற்றர் எண்ட சிமியுலேட்டரோட வாற அட்லாண்டிஸ், சுவிட்ச் ஒண்டும் இல்ல, கீபோட்டாலயே ஏத்தலாம். இத "லேசான ஷட்டில்" எண்டுறன். மத்தது கொக்பிட்டில இரிக்கிற சுவிட்ச் முழுக்க வேல செய்யிற வகை, அத "முழு ஷட்டில்" எண்டுறன்.

சிமியுலேட்டர் எங்க கிடைக்கும், காசா?

ஓர்பிற்றர் சும்மா தான். மார்ட்டின் ஷ்வைகர் எண்டவர் செஞ்சது, 2000ம் ஆண்டில இருந்து இரிக்கு, 2021ல சோர்ஸ் கோட்டையும் திறந்து விட்டுட்டார். பிளைட்கியர் எண்ட விமான சிமியுலேட்டர்ல ஒரு ஷட்டில் இரிக்கு, அதும் சும்மா தான், அது முழு ஷட்டில் பக்கம். புதுசா வாறவங்க லேசானதுல தொடங்குங்க. நேரா முழு ஷட்டில்ல ஏறினவன் ஒருத்தனும் ரெண்டாவது கிழமை வரல்ல.

ஏத்தப் பாத்தன், ஏறல்ல. என்ன பிழை?

இதான் நூத்துக்கு எம்பது போன். நான் திருப்பிக் கேக்கிறது ஒண்டே ஒண்டு: எந்த நம்பர்ல நிண்டது? "ஏறல்ல" எண்டா ஒண்டும் விளங்காது கா, வயித்துக்குள்ள நோகுது எண்டு சொல்லி மருந்து கேக்கிற மாதிரி. கவுண்ட்டவுன் டி மைனஸ் 5 நிமிசத்தில, அதாவது ஏற அஞ்சு நிமிசம் இருக்கக்குள்ள, நிண்டா ஒரு காரணம், 31 செக்கன்ல நிண்டா வேற காரணம், எஞ்சின் பத்தி அணைஞ்சா அது இன்னொண்டு. ஷட்டில் தன்ட பாட்டில பழுதாகி நிக்கிறது குறைவு, கவுண்ட்டவுன ஓட்டுற கொம்பியூட்டர் ஏதோ ஒரு குறையப் பாத்துத்தான் நிப்பாட்டியிருக்கும். அந்த நம்பர ஒரு தாளில எழுதி வெச்சிட்டு மறுகா கீழ உள்ளதப் பாருங்க.

லேசான ஷட்டில்ல ஒரு கீயும் வேல செய்யல்லயே?

உங்கட லெப்டொப்ல வலப்பக்கம் நம்பர் கட்டை இரிக்கா? இல்லையெண்டா அதான் விசயம். ஓர்பிற்றர்ல மெயின் எஞ்சினுக்கு நம்பர் கட்டையில இரிக்கிற பிளஸ் கீ தான், மேல எழுத்துகளோட இரிக்கிற பிளஸ் இல்ல. சின்ன லெப்டொப்காரர் எல்லாரும் இதில தான் மாட்டுறது. தனியா யுஎஸ்பி நம்பர் கட்டை ஒண்டு வாங்கிக் குத்துங்க, இல்லாட்டி கீமெப் எண்ட பைலத் திறந்து வேற கீய மாத்தலாம், நான் வாங்கிட்டன், அது நிம்மதி.

பிளஸ்ஸ மட்டும் அமத்தினா கை எடுத்ததும் எஞ்சினும் அடங்கிரும். கொன்ட்ரோலோட சேத்து அமத்திப் பிடிச்சா ஏத்தின அளவு அப்படியே நிக்கும். மெயின் எஞ்சின் 95 வீதத்தத் தாண்டினாப் பொறகு பெரிய டேங்க்குக்கு ரெண்டு பக்கமும் இரிக்கிற பூஸ்டர் ரொக்கெட்டும் தானாப் பத்தும். பத்தினத அணைக்க ஏலா, நிசத்திலயும் அப்படித்தான். வாணம் மாதிரி, பத்த வெச்சா முடியுமட்டும் எரியும்.

இன்னொண்டு, ஓர்பிற்றர புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள்ள போடாதீங்க. விண்டோஸ் அதுக்குள்ள எழுத விடாது, செட்டிங் ஒண்டும் சேவ் ஆகாது. டி டிரைவ்ல தனிப் போல்டர் ஒண்டு போட்டு வெச்சாக் காணும்.

முழு ஷட்டில்ல ஸ்கிரீன்ல சரியான பக்கமே வரல்ல.

கொம்பியூட்டர் இன்னும் ஏத்தத்துக்குரிய புரோகிராமுக்கு வரல்ல எண்டு அர்த்தம். கீபேட்ல ஓப்ஸ், 1, 0, 1, ப்ரோ. இந்த ஒழுங்கில தான். ப்ரோ அமத்த மறந்தா நம்பர் அடியில எழுதினபடி சும்மா நிக்கும், ஒண்டும் நடக்காது, இத நானே எத்தின தரம் செஞ்சிருப்பன். நிச ஷட்டில்ல டி மைனஸ் 20 நிமிசத்தில தான் இந்த மாத்தம். 101 எண்டது ஏற முன்னம், ஏறினாப் பொறகு 102க்கு அதுவாப் போகும், பூஸ்டர் கழண்டதும் 103.

ஷட்டில்ல அஞ்சு கொம்பியூட்டர். நாலு ஒண்டாச் சேந்து ஒரே வேலயச் செய்யும், அஞ்சாவது வேற ஆக்கள் எழுதின புரோகிராமோட தனியா இருந்து காவல் பாக்கும், நாலுக்கும் ஒரே பிழை வந்தா அது பிடிக்கும். அது மத்ததுகளோட நேரம் ஒத்துப் போக வேணும். 1981 ஏப்ரல் 10ம் தேதி முதல் ஷட்டில் ஏற இருந்த நாள், ஜோன் யங்கும் ரொபர்ட் கிரிப்பனும் உள்ள படுத்துக் கிடக்கிறாங்க, அஞ்சாவது கொம்பியூட்டர் மத்ததுகளோட 40 மில்லிசெக்கன் ஒத்துப் போகல்ல, அண்டைக்கு ஏத்தல்ல. ரெண்டு நாள் கழிச்சி 12ம் தேதி தான் போனது. கண் இமைக்கிற நேரமும் இல்லாத வித்தியாசம் கா அது. அதால உங்கட சிமியுலேட்டர் அஞ்சாவத ஒத்துக்கொள்ள மாட்டெண்டு நிண்டா அதுல ஏசாதீங்க, அஞ்சாவதுக்கும் ஓப்ஸ் 101 குடுத்தீங்களா எண்டு பாருங்க, அத தனியாக் குடுக்க வேணும்.

டி மைனஸ் 5 நிமிசத்தில நிக்கிது.

ஏபியு. இதக் கொஞ்சம் விரிவாச் சொல்றன், கன பேர் இதில தான் துலைஞ்சு போறாங்க.

ஷட்டில்ட எஞ்சின் வாயக் கிறுக்கவும் சிறகில இரிக்கிற மடிப்பு அசையவும் ஹைட்ரோலிக், அதாவது எண்ணெய் அமுக்கம், வேணும். அந்த ஹைட்ரோலிக்குக்குப் பம்ப் சுத்துறது மூண்டு சின்ன டர்பைன், ஹைட்ரசீன் எண்ட எரிபொருள்ல ஓடுறது. அதான் ஏபியு. டி மைனஸ் 5ல பைலட் அத ஸ்டார்ட் பண்ணினா தான் எண்ணிக்கை மேல போகும். பைலட் எண்டது வலப்பக்கம் இரிக்கிறவர், அவர்ட வலக் கைக்குப் பக்கத்தில தான் அந்தப் பெனல்.

ஒழுங்கு இது: போய்லர் சுவிட்ச் எல்லாம் ஓன், ஏபியு கொன்ட்ரோலர் பவர் ஓன், பியுவல் டேங்க் வால்வ் ஓப்பன், ஹைட்ரோலிக் மெயின் பம்ப் பிரஷர் லோ. மூண்டுக்கும் இப்படி. கடைசிச் சாமான், அந்த லோ, அதான் எல்லாரும் மறக்கிறது. நோர்மல்ல விட்டா ஏபியு ரெடி எண்டு காட்டாது, பாரத்தோட ஸ்டார்ட் பண்ண விடாது. பாரம் ஏத்தின லேண்ட்மாஸ்டர மேட்டில வெச்சி ஸ்டார்ட் அடிச்சவனுக்கு இது சொல்லத் தேவல்ல.

ரெடியா எண்டு பாக்க சுவிட்சுக்குப் பக்கத்தில ஒரு சின்னச் சதுரக் கண் இரிக்கும். கோடு கோடா இருந்தா ரெடி இல்ல, சாம்பல் நிறத்துக்கு மாறினா ரெடி. மூண்டும் சாம்பலானதும் ஸ்டார்ட் அடிங்க. இப்ப தான் விசயம், ஸ்டார்ட் ஆகி டர்பைன் வேகம் எடுத்ததும் அந்தக் கண் திரும்பக் கோடு கோடா மாறும். அது பழுது இல்ல! "ஸ்டார்ட் பண்ண ரெடி" எண்டுறது தான் அந்தக் கண்ட வேல, ஓடுற ஒண்ட ஸ்டார்ட் பண்ண ஏலாதுதானே. களுவாஞ்சிகுடித் தம்பி ஒருத்தன் மூண்டு கிழமையா ஸ்டார்ட் அடிச்சி, கோடு வந்ததும் பயந்து ஓப் பண்ணி, திரும்ப அடிச்சி, ஓப் பண்ணி இருந்திருக்கான். எல்லாம் சரியாச் செஞ்சி சரியா வந்ததப் பாத்துப் பயந்திருக்கான், பாவம். ஓடினாப் பொறகு பம்ப் பிரஷர லோவில இருந்து நோர்மலுக்கு மாத்துங்க, ஹைட்ரோலிக் கேஜ் மூண்டும் ஏறுறது தெரியும், அப்ப தான் சரி.

31 செக்கன்ல நிண்டது.

அந்த 31 எண்டது கை மாறுற இடம். அதுவரைக்கும் கவுண்ட்டவுன ஓட்டுறது நிலத்தில இரிக்கிற கொம்பியூட்டர், 31ல அது "சரி, நீ பாத்துக்கோ" எண்டு ஷட்டில்ட கொம்பியூட்டருக்குக் குடுக்கும். குடுக்க முன்னம் தன்ட லிஸ்ட்ட ஒருக்காப் பாக்கும். ஒண்டு குறைஞ்சாலும் நிப்பாட்டும்.

கடைசி ஷட்டிலே இப்படி நிண்டது தான். 2011 ஜூலை 8, எஸ்டிஎஸ் 135, அட்லாண்டிஸ். பெரிய டேங்க் உச்சியில தொப்பி மாதிரி ஒண்டு வெச்சிருப்பாங்க, ஒக்சிசன் ஆவியப் பிடிக்க, அந்தக் கை முழுசா மடங்கிப் பூட்டினது எண்ட சிக்னல் வரல்ல. 31ல நிண்டுட்டு. ஆக்கள் கெமராவக் கிறுக்கிப் பாத்தாங்க, கை மடங்கித்தான் இரிக்கு, சரி போ எண்டு ரெண்டு நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட நேரத்தில திரும்ப விட்டாங்க. முப்பது வருசக் கதையின்ட கடைசி ஏத்தம், அதும் ஒரு சிக்னலுக்காக நிண்டது.

சிமியுலேட்டர்ல 31ல நிண்டா ஆறுதலா யோசிக்க நேரம் இரிக்கு, ஆனா கனக்க இல்ல. டேங்க்ல ஒக்சிசன் ஊத்துறத நிப்பாட்டியாச்சு, ஏபியு எரிபொருளும் ஓடிக்கொண்டே இரிக்கு, அஞ்சு நிமிசம் மட்டில தான் தாங்கும். 31ஐத் தாண்டி நிண்டா வழியே இல்ல, டி மைனஸ் 20 நிமிசத்துக்குத் திரும்பிப் போகத்தான் வேணும்.

எஞ்சின் பத்தினது, அப்பிடியே அணைஞ்சி போச்சு.

டி மைனஸ் 6.6 செக்கன்ல மூண்டு எஞ்சினும் பத்தத் தொடங்கும், ஒரேயடியா இல்ல, மூண்டாவது, ரெண்டாவது, முதலாவது எண்டு 0.12 செக்கன் இடைவெளியில. டி மைனஸ் 3க்குள்ள மூண்டும் 90 வீதத்துக்கு வர வேணும். ஒண்டு வரல்லயெண்டாலும் கொம்பியூட்டர் மூண்டயும் அணைக்கும். பூஸ்டர் பத்தாததால ஷட்டில் பேட்லயே, ஏத்துற மேடையிலயே, நிக்கும். நிசத்தில இது அஞ்சு தரம் நடந்தது: 1984 ஜூன்ல, 1985 ஜூலைல, 1993ல ரெண்டு தரம், 1994 ஓகஸ்ட்ல.

உங்களுக்கு இது திரும்பத் திரும்ப வந்தா புரோப்பலன்ட் வால்வுகளையும் ஹீலியம் சுவிட்சுகளையும் பாருங்க. அதெல்லாம் சரியா இருந்தும் வருதெண்டா பழுது போடுற மோட் ஓன்ல இரிக்கா எண்டு மெனுவுல பாருங்க. நாங்க ஒரு முழு பின்னேரம் சுவிட்ச் தேடினம், கடைசியில மச்சான்ட மகன் அந்த மோட்ட ஓன் பண்ணி விட்டிருந்தான்.

ஏற முன்னம் ஷட்டில் முன்னால சாயுது. விழப்போகுதா?

விழாது. எஞ்சின் மூண்டும் ஒரு பக்கமா இரிக்கிறதால தள்ளும் போது முழுச் சாமானும் சாய்ஞ்சு திரும்பும், டேங்க் உச்சியில பாத்தா முக்கா மீற்றருக்குக் கொஞ்சம் குறைய அசையும். காத்துக்குத் தென்ன மரம் சாய்ஞ்சு நிமிர்ற மாதிரி. நிமிர்ந்து நேரா வாற அந்த நேரத்தில தான் பூஸ்டர் பத்தும், பிடிச்சி வெச்சிருக்கிற எட்டுப் போல்ட்டுட நட்டும் வெடிச்சி விடும். 6.6 செக்கன் எண்ட கணக்கில அதும் சேத்தி.

ஏறினதும் ஏன் தலைகீழா கிறுகுது?

டவரத் தாண்டி ஒரு பத்து செக்கன்ல போற திசைக்குக் கிறுகி, முதுகு கீழ வாற மாதிரிச் சாயும். அப்படிப் போனா சிறகில விழுற பாரம் குறையும். முழு ஷட்டில்ல அதுவே செய்யும், ஜொய்ஸ்டிக்கத் தொடாதீங்க. லேசான ஷட்டில்ல நீங்க தான் கிறுக்க வேணும். ஸ்பேஸ் ஸ்டேஷனுக்கு எண்டா வடகிழக்கா 45 பாகை மட்டில, பூமி சுத்துற கணக்கும் சேத்தா ரெண்டு மூண்டு பாகை குறையும். நேர் கிழக்கா ஏத்திட்டு "ஸ்டேஷன் கிட்ட வரல்ல" எண்டு எனக்கு போன் அடிக்காதீங்க, ஸ்டேஷன் வேற சாய்வான பாதையில சுத்துது, மட்டக்களப்பு பஸ்ஸுக்குப் பதிலா மொனறாகலை பஸ்ல ஏறின மாதிரி.

ஜொய்ஸ்டிக் பழசெண்டா நடுவில நிக்காம ஒரு பக்கம் இழுக்கும். டெட் சோன, நடுவில லேசா அசைஞ்சாலும் கணக்கெடுக்காத அளவ, கொஞ்சம் கூட்டி விடுங்க.

அரை நிமிசம் தாண்ட எஞ்சின் தானாக் குறையுதே?

குறையத்தான் வேணும். காத்து அடர்த்தியா இரிக்கிற இடத்த வேகமாத் தாண்டினா உடைஞ்சிரும், அதால 104 வீதத்தில இருந்து எழுவது பக்கம் இறக்கி, ஒரு நிமிசம் தாண்டினாப் பொறகு திரும்பக் கூட்டும். 104 எப்படி எண்டு கேக்கிறவங்களுக்கு: 100 எண்டது முதல்ல வடிவமைச்ச அளவு, பொறகு எஞ்சினத் திருத்தித் திருத்திக் கூட்டிட்டாங்க, அளவுகோல மட்டும் மாத்தல்ல.

பூஸ்டர் கழரல்ல.

ரெண்டு நிமிசமும் அஞ்சாறு செக்கனும் ஆனா கழர வேணும். ஸ்கிரீன்ல செப் இன்ஹ் எண்டு வருதா? அப்ப ஷட்டில் கூடுதலா அசையுது, இல்லாட்டி வெளிக் காத்து அமுக்கம் இன்னும் கூட, கழட்டினா முட்டுப்படும் எண்டு கொம்பியூட்டர் பிடிச்சி வெச்சிருக்கு. அசைவ நிப்பாட்டுங்க. லேசானதுல ஜே அமத்திக் கையாலயும் கழட்டலாம். நேரத்தப் பத்து மடங்கு வேகமா ஓட விட்டிருந்தீங்களெண்டா அதும் ஒரு காரணம், ஏறும் போது நேரத்தக் கூட்டுற டி (T) கீயத் தொடாதீங்க, கணக்கு ஒழுங்கா ஓடாது, ஷட்டில் தலையாட்டும்.

கழண்டாப் பொறகு ஏறுற வேகம் குறையிற மாதிரி இரிக்கும். நிசத்திலயும் அந்த நேரத்தில எஞ்சின் தள்ளுறது ஷட்டில்ட பாரத்த விடக் கொஞ்சம் குறைவு தான். மூக்க மேல தூக்கி வெச்சி விடுங்க, டேங்க் காலியாகக் காலியாகச் சரியாகும்.

நடு வழியில ஒரு எஞ்சின் நிண்டா?

எந்த நேரத்தில எண்டு தான் இங்கயும் கேள்வி. நாலு நிமிசத்துக்கு முன்னம் எண்டா புளோரிடாவுக்கே திரும்பலாம், நிசத்தில ஒருத்தரும் செஞ்சதில்ல, சிமியுலேட்டர்ல செஞ்சி பாருங்க, நான் பதினேழு தரத்தில ரெண்டு தரம் இறக்கினன். அதுக்குப் பொறகு ஸ்பெயின், பிரான்ஸ் பக்கம். இன்னும் பிந்தினா பூமியக் கொஞ்சம் பதிவாச் சுத்துற பாதைக்குப் போய்ச் சேரலாம்.

இந்தக் கடைசி வகை மட்டும் ஒரு தரம் நடந்தது. 1985 ஜூலை 29, செலஞ்சர், அஞ்சே முக்கா நிமிசம் மட்டில நடு எஞ்சின் அணைஞ்சிட்டு. எஞ்சின்ல பழுதில்ல, சூடு அளக்கிற சென்சர் தான் பொய் சொன்னது. கொஞ்ச நேரத்தில இன்னொரு எஞ்சின்ட சென்சரும் அதே பொய்யச் சொல்லத் தொடங்கிட்டு. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில எஞ்சினப் பாத்துக்கொண்டிருந்த ஜெனி ஹோவர்ட் எண்டவ அதக் கண்டு பிடிச்சி, தானா அணைக்கிறத நிப்பாட்டச் சொன்னா. கொக்பிட்டில ஒரு சுவிட்ச், லிமிட் இன்ஹிபிட். அதத் தட்டினதால ரெண்டு எஞ்சினோட போய்ச் சேந்தாங்க. உங்கட முழு ஷட்டில்லயும் அந்தச் சுவிட்ச் நடுப் பெனல்ல இரிக்கு, ஆனா சும்மா சும்மா தட்டி வெச்சிட்டு ஏத்தாதீங்க, மெய்யாவே பழுதான எஞ்சின் வெடிக்கும்.

எட்டரை நிமிசத்தில எஞ்சின் நிண்டது, டேங்க் கழண்டது, ஆனா முக்கா மணித்தியாலத்தில கீழ வந்திட்டன்.

எஞ்சின் நிண்டதும் எழும்பி டீ குடிக்கப் போனீங்க. அந்த நேரம் நீங்க இன்னும் சுத்துக்குள்ள இல்ல தம்பி, ஒரு பக்கம் உயரம், மத்தப் பக்கம் காத்துக்குள்ள. 40 நிமிசம் மட்டில உச்சிக்கு வரும் போது பின்னால இரிக்கிற ஓம்ஸ் எஞ்சின ஒருக்கா எரிக்க வேணும். டீய கொண்டு வந்து வெச்சிக் குடிங்க.

கரண்ட் போனா?

சேவ் பண்ணுங்க. டெஸ்க்டொப்காரர் யுபிஎஸ் வாங்குங்க. ஏழாவது நிமிசத்தில கரண்ட் போன கதை என்னட்ட மூண்டு இரிக்கு, சொல்ல விருப்பமில்ல.

மட்டக்களப்பில இருந்து ஏத்த ஏலுமா?

ஏலும், இதான் எனக்குப் பிடிச்ச கேள்வி. யோசிச்சிப் பாருங்க, புளோரிடாவ ஏன் எடுத்தாங்க, கிழக்கால முழுக்கக் கடல், கழண்ட பூஸ்டர் ஆர் தலையிலயும் விழாது. கல்லடிக் கடக்கரையிலயும் அப்படித்தான், பூஸ்டர் 225 கிலோமீற்றர் மட்டில போய் விழும், அது வங்காள விரிகுடாவுக்குள்ள. அதோட நாம பூமத்திய ரேகைக்குக் கிட்ட, 7.7 பாகையில இரிக்கம், புளோரிடா பேட் 28.6ல. பூமி சுத்துற தள்ளு அங்க செக்கனுக்கு 408 மீற்றர், நமக்கு 461. ஐம்பது மீற்றர் சும்மா கிடைக்கிது கா.

ஓர்பிற்றர்ல ஒரு பேஸ் பைல், ஏத்துற இடத்தச் சொல்ற பைல், எழுதி லொக்கேஷன் குடுத்தாச் சரி. ஸ்டேஷனுக்கு எண்டா திசை 39 பாகை மட்டில, மியன்மார்ப் பக்கமா. ஒண்டு மட்டும் கவனம், அந்தப் பைல்ல முதல்ல நெடுங்கோடு, மறுகா தான் அகலக்கோடு. 81.7, அதுக்குப் பொறகு 7.7. நான் முதல் தரம் பள்ளிக்கூடத்தில படிச்ச ஒழுங்கில அகலக்கோட்ட முன்னால போட்டன். பேட் வந்தது, ஷட்டிலும் நிண்டது, ஜன்னலால பாத்தா கடலும் தெரிஞ்சது. சூரியனத்தான் காணல்ல. அரை மணித்தியாலம் கழிச்சி மெப்பத் திறந்து பாத்தா வட துருவத்துக்குக் கிட்ட, நோர்வேக்கும் மேல நிக்கிறம்.